உளுந்தும் கருப்பட்டியும்

குலசேகரம்

அன்புள்ள மகனே,

நேற்று போனில், "பிள்ளையைப் பார்க்கிற லீவு எல்லாம் என் பெண்டாட்டியே எடுக்கட்டும் அம்மா, எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல வேலை" என்று சொன்னாய். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ இருக்கும் ஸ்வீடனில் ஒரு பிள்ளைக்குத் தாய், தகப்பன் இருவருக்குமாக 480 நாள் லீவு என்று நீதான் சொன்னாய். அதில் தகப்பனுக்கென்றே 90 நாள். அவன் எடுக்காவிட்டால் தாய்க்கும் போகாது. 1974-லேயே அந்த லீவைத் தாய், தகப்பன் இருவருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். அப்படியும் ஆண்கள் அசையவில்லை. 1995-ல் ஒரு மாதத்தை இருவருக்கும் தனித்தனியாகப் பிரித்து வைத்த பிறகுதான் ஆண்கள் தொட்டில் பக்கம் போனார்கள். இன்றைக்கும் பெரும்பாலான நாட்களைப் பெண்கள்தான் எடுக்கிறார்களாம். நான் நம்ம ஊர்க் குணம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

உன் தங்கச்சி நாகர்கோவிலில் ஒரு தனியார் கம்பெனிக்கு இண்டர்வியூவுக்குப் போனாளே, "கல்யாணம் ஆகி எத்தனை மாசம்?" என்பதுதான் முதல் கேள்வி. இங்கே 2017-ல் பேறுகால லீவை 26 வாரமாக ஆக்கியது நல்ல காரியம். ஆனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் சேராதவளுக்கு அந்தச் சம்பளத்தை முதலாளிதான் தரவேண்டும். தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கோ சட்டப்படி ஒரு நாளும் இல்லை. முதலாளி கணக்குப் போடாமல் இருப்பானா? ஸ்வீடனில் அந்தப் பணம் பொதுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. ஆனாலும் நீ வீட்டில் இருக்க மாட்டாய் என்று தெரிந்தால், உன் பெண்டாட்டியின் ஆபீஸிலும் இதே கணக்குத்தான் ஓடும்.

அங்கன்வாடியில் நான் பிள்ளைகளுக்கு எடை போட்ட காலத்தில் தகப்பன்மார் வரவே மாட்டார்கள். ஒரே ஒருத்தன் மழையில் வந்தான், பிள்ளையைப் பலாச்சக்கை தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. கழுத்தை எப்படித் தாங்குவது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். அடுத்த மாதமும் அவனேதான் வந்தான்.

உன் அப்பாவைக் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால், பத்துப் பதினொரு மணிக்கெல்லாம் அந்தப் பாலை ஷீட் அடித்து முடித்துவிடுவார். அப்புறம் சாயாக்கடை. நான் வேலை முடிந்து வந்துதான் உன்னைக் குளிப்பாட்டவேண்டும். அவருக்கு நேரம் இல்லாமல் இல்லை. அது தன் வேலை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும்தான்.

சரி, அந்த 90 நாளைக்கும் எப்போது எழுதிக்கொடுக்கப்போகிறாய் என்று சொல். உளுந்தும் கருப்பட்டியும் பார்சலில் போட்டிருக்கிறேன். களி அவளுக்கு. கட்டி தட்டாமல் கிண்டுவது உன் பொறுப்பு. எப்படி என்று போனில் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்
அம்மா