மேட்டூர் நிலவரத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு, இருப்பு என நான்கு எண்களைத் தாங்கள் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். டெல்டா விவசாயிகளுக்காக அச்சாகும் அந்தக் கட்டத்தை, ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பும் சேலத்துக்காரர்களும் இப்போது பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஏமாந்தும் போகிறார்கள். 'அணை நிரம்பியது' என்ற செய்தியைப் படித்து 50 கிலோமீட்டர் வந்து, பூங்கா வாசலில் நின்று "தண்ணி எங்கங்க விழுது?" என்று கேட்பவர்கள் ஏராளம்.

மேட்டூரில் அணைச் சுவரின் மேல் தண்ணீர் வழிந்து விழாது. 5,300 அடி நீளச் சுவருக்கு இடது கரையில், தனியாக ஓரிடத்தில் எல்லிஸ் உபரிநீர்ப் போக்கி இருக்கிறது. ஊர் வழக்கில் 16 கண் மதகு. ஒவ்வொரு ஷட்டரும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அணை நிரம்பும் மட்டம் 120 அடி என்பதால், நீர்மட்டம் 100 அடிக்குக் கீழே இருந்தால் ஷட்டரைத் தண்ணீர் தொடவே தொடாது. 120 அடியைத் தொட்ட பிறகும் ஷட்டர் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. திறப்பு 20 ஆயிரம் கன அடியைச் சற்றுத் தாண்டும்வரை அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமுமே வாங்கிக்கொள்ளும். மிஞ்சுவதுதான் 16 கண்ணுக்கு. ஆக, 120 அடி, திறப்பு 12 ஆயிரம் என்றால் கடல்போல ஏரி தெரியும். 16 கண்ணில் வெறும் பாறைதான். அதே 120 அடி, திறப்பு 50 ஆயிரம் என்றால் நுரை பறக்கும்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த நான்கு எண்களுக்குக் கீழே '16 கண் மதகு: திறப்பு' அல்லது 'மூடல்' என ஒரு வரி சேருங்கள்.

அணை எப்போது நிரம்பும் என்பதை வாசகர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. புதன்கிழமை இருப்பு 88, வரத்து 40 ஆயிரம், திறப்பு 17 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 டிஎம்சி ஏறும், சனிக்கிழமை நிரம்பிவிடும். கூடவே, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எடுக்கும் நீர்வரத்து அளவையும் பார்த்துக்கொண்டால் வரத்து ஏறுமா, இறங்குமா என்று முன்கூட்டியே தெரியும்.

சாலையைப் பற்றியும் கொஞ்சம். ஓமலூர் வரை நான்குவழிச் சாலை, பிறகு இடப்பக்கம் திரும்பி மேச்சேரி வழி. நெடுஞ்சாலையில் சிக்கல் குறைவு. மேட்டூரை நெருங்க நெருங்க, அனல் மின் நிலையத்தை ஒட்டிய சாலைகளில்தான் கவனம் தேவை. அங்கே உலர் சாம்பல் லாரிகளிலிருந்து சிந்துவது சாலையோரம் மாவுபோலப் படிந்திருக்கும். வெயிலில் அது கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். தூறல் விழுந்து கால் மணி நேரம் போனால் கூழாகி வழுக்கும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், தூறல்தான் ஆபத்து. ஹெல்மெட் கண்ணாடியில் படிந்த சாம்பலைத் துணியால் உலரத் துடைத்தால் கீறல் விழுந்து, மாலை எதிர்வெளிச்சத்தில் சாலையே தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இருவர் போவதானால் பின் டயரில் காற்றைக் கூட்ட வேண்டும். 110, 125 சிசி வண்டிகள் பலவற்றில் ஒருவருக்கு 28, 29 பிஎஸ்ஐ போதும். இருவருக்கு 40ஐ ஒட்டி வரும். ஸ்கூட்டருக்கு 36 அளவில். சரியான எண் வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி இறக்கிவிடக் கூடாது. செயின் கவரின் ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தூக்கிப் பார்த்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். இருவர் ஏறுகிறோமே என்று இறுக்கிவிடுவது தவறு. எடை ஏறும்போது செயின் தானாகவே இன்னும் இறுகும்.

16 கண் திறந்திருக்கும் நாளில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு ஒதுங்க இடமிருக்காது. கீழே பாறையில் இறங்குவது அதைவிட மோசம். ஆற்றில் 'மட்டம்' என்று ஊரார் சொல்லும் இடத்திலும் முனியப்பன் கோயில் பக்கத்திலும் குளிப்பவர்கள், அபாயச் சங்கு ஊதினால் துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

நீர்மட்டம் மிகவும் இறங்கிய கோடையில் அணைப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. அப்போது கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி போகலாம். முழுகிக் கிடந்த நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மேலே காய்ந்து வெடித்திருக்கும் வண்டலுக்கு அடியில் சேறு இருக்கும். கரையிலேயே வண்டியை விட்டுவிட்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்றை வைத்துவிட்டு நடங்கள்.

மீன் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. மசாலா தடவி அடுக்கியதை விட்டு முழு மீனைக் கேளுங்கள். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழிவிழுந்திருக்கக் கூடாது. எடையும் விலையும் எண்ணெயில் போடும் முன்பே பேசிவிட வேண்டும்.

நான் கேட்ட அந்த ஒரு வரியை ஆடி 18க்கு முன்பே தொடங்கிவிட்டால் உதவியாக இருக்கும். அன்றைக்கு மேட்டூரில் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது; 16 கண் மூடியிருப்பது தெரிந்தால், அதற்காகவே வருகிறவர்கள் வேறு நாள் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சூரமங்கலம், சேலம்.