பலகையை இறக்காதே

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டது, ஸ்டாக்ஹோமில் குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. அம்மாவுக்கு நீ மருந்து வாங்கிக் கொடுத்ததைப் போனில் சொன்னாள். பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

கடைப் பலகையை இறக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். காரணம், ஒரு மில்காரர் தன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "பட்டுப்புடவை அப்படியே இருக்குது, மொகந்தான் எங்கம்மா மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் வேறு ஓர் ஆளைப் பிடித்து, நீ வரைந்த புடவையை அப்படியே விட்டு, முகத்தை மட்டும் மாற்றிப் போட வைத்துவிட்டார். "இத்தனை வருஷம் நான் வரைந்தது துணிதான்டா, மனுஷரை இல்லை. காசுக்குக் கூலி வேலை" என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது. மில்காரர் மேல் கொஞ்சம், உன் மேல் நிறைய.

அலெக்சாண்டர் ரோஸ்லின் என்று ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். காலேஜில் நமக்கு யாரும் இவரைச் சொல்லித்தரவில்லை. பீரங்கி சார் ரெம்பிராண்டை விட்டால் நேரே வான்கோவுக்குத் தாவிவிடுவார், இடைப்பட்டவர்களெல்லாம் அவருக்கு ராஜாக்களின் கைக்கூலிகள். இங்கே தேசிய அருங்காட்சியகத்துக்கு நான் அடிக்கடி போவது இந்த ஒரு மனிதரின் படங்களுக்காகத்தான். வெகு காலம் பூட்டிக் கிடந்து, மராமத்து முடிந்து, 2018-இல் திறந்தார்கள். தண்ணீர்க்கரையில், அரண்மனைக்கு எதிரே இருக்கிறது. நீ வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

ரோஸ்லின் 1718-இல் மால்மோவில் பிறந்தவர். அப்பா கடற்படை மருத்துவர். பையனும் முதலில் கடற்படைக்குப் படம் வரையத்தான் பழகினான், கார்ல்ஸ்க்ரோனா துறைமுகத்தில். அப்புறம் ஸ்டாக்ஹோமில் அரசவை ஓவியரிடம் போய் முகம் வரையக் கற்றுக்கொண்டான். இருபத்தேழு வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர்தான். ஜெர்மனியில் பைராய்ட் பிரபுவிடம் கொஞ்ச நாள், பிறகு இத்தாலி, பார்மா அரண்மனை. பார்மாவை ஆண்ட பிரபுவின் மனைவி பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் மகள். அந்தப் பிடிப்போடு 1752-இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே அரசரின் ஓவிய அகாடமியில் இடம் கிடைத்துவிட்டது. வெளிநாட்டான், அதுவும் கத்தோலிக்க நாட்டில் ஒரு புராட்டஸ்டண்ட்! அதற்கு அரசரின் தனி அனுமதி வேண்டியிருந்தது. சாகும்வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம், பாரிஸ்தான் வீடு.

அந்த நாற்பது வருஷமும் அவர் செய்தது நீ செய்கிற வேலைதான். யாராவது வந்து உட்காருவார்கள், இவர் வரைவார், காசு வாங்குவார். பிரபு, பிரபுவின் மனைவி, வியாபாரி, பாதிரியார், ராஜா. அவரைப் பற்றி ஒரு பேச்சு பாரிஸில் பரவலாக இருந்தது: பட்டு மாதிரி முகம் உள்ளவர்கள் ரோஸ்லினிடம் போய் வரைந்துகொள்ளட்டும் என்று. கேட்டால் புகழ்ச்சி மாதிரி இருக்கும். உள்ளே கொஞ்சம் விஷமும் உண்டு. இவனுக்குத் துணிதான் வரும் என்கிற அதே பேச்சு.

துணி வந்தது என்பது உண்மை. நீ அதை நேரில் பார்க்க வேண்டும், குமரா. சாட்டினுக்கு ஒரு வெளிச்சம், வெல்வெட்டுக்கு ஒரு வெளிச்சம். சாட்டின் மடிப்பில் வெள்ளை கீற்றாக விழுந்து சட்டென்று அறுபடுகிறது. வெல்வெட்டில் நடுவெல்லாம் இருண்டு, மடிப்பின் ஓரத்தில் மட்டும் தூசி படிந்தாற்போல ஒரு மங்கல் ஒளி. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் தூரிகை போன விதமே வேறு. ஜரிகைக்குத் தடிப்பாக வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான், நாலடி தள்ளி நின்றால் தங்கம். இதைச் செய்யத் தெரிந்த ஒருவனைப் பார்த்து 'துணிக்காரன்' என்று சொல்வதற்கு எவ்வளவு திமிர் வேண்டும்!

சொன்னவர்களில் பெரிய ஆள் திதரோ. அந்தக் காலத்தில் அகாடமி நடத்திய சலோன் கண்காட்சிகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். லா ரோஷ்ஃபூக்கோ என்ற பெரிய வீட்டுக் குடும்பம் மொத்தத்தையும் ஒரே படத்தில் வரையும் வேலைக்குத் திதரோவின் அபிமான ஓவியர் கிரூஸும் போட்டி போட்டார். வேலை ரோஸ்லினுக்குப் போயிற்று. படம் 1765 சலோனில் தொங்கியது, திதரோ கிழிகிழியென்று கிழித்துவிட்டார். எல்லோரும் விறைத்துப்போய் நிற்கிறார்களாம். அந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். பெரிய குடும்பப் படம் ரோஸ்லினின் பலம் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் ஒரு படத்தை வைத்து ஓர் ஆளை எடைபோட்டால் திதரோவாக இருந்தாலும் தப்பு தப்புதான்.

உன் மில்காரர் கதையைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது ரஷ்யா. 1775-இல் ரோஸ்லின் பீட்டர்ஸ்பர்க் போய் இரண்டு வருஷம் அங்கே இருந்தார். அரசி கேத்தரினை ஆளுயரத்துக்கு வரைந்தார். வெள்ளிப் பட்டு, நீல நாடா, கையில் செங்கோல். அந்தச் செங்கோலால் அவள் மகா பீட்டரின் மார்பளவுச் சிலையைச் சுட்டிக்காட்டுகிறாள். முகத்தை மட்டும் இருந்தது இருந்தபடி வரைந்துவிட்டார். ஐம்பதை நெருங்கிய, உடம்பு கனத்த, கெட்டிக்காரப் பெண்மணியின் முகம். அவளுக்குப் பிடிக்கவில்லை. என்னை ஒரு ஸ்வீடன் சமையல்காரி மாதிரி ஆக்கிவிட்டான் என்று குறைப்பட்டுக்கொண்டாள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? ரோகோடோவ் என்ற ரஷ்ய ஓவியர் அதே உடையையும் நிற்கும் தோரணையையும் எடுத்துக்கொண்டு, வேறு முகம் போட்டு வரைந்தார். அதுதான் அரசிக்குப் பிடித்த படமாக ஊரெல்லாம் போயிற்று.

பார்த்தாயா? சக்கரவர்த்தினிக்கும் உன் மில்காரருக்கும் புத்தி ஒரே வழியில்தான் போயிருக்கிறது. முகம் மாற்றப்பட்டதே, அது ரோஸ்லினுக்கு முகம் வராததாலா? வந்ததால்! நீயும் ஒன்று யோசி. அந்த அம்மாளை உனக்குத் தெரியும். சாயங்காலம் உன் கடை வழியாகத்தான் கோயிலுக்குப் போவாள் என்று நீயே ஒரு முறை எழுதியிருக்கிறாய். மகன் கொடுத்த போட்டோ ஸ்டூடியோவில் வெளுப்பாக்கியது. நீ எதை வரைந்தாய்? எனக்குத் தெரிந்த குமரன் போட்டோவை வரைந்திருக்க மாட்டான்.

இங்கே லின்னேயஸ் படம் ஒன்று உண்டு. செடிக்கும் பூச்சிக்கும் இரட்டைப் பெயர் வைத்தாரே, அவர்தான். ரஷ்யா போகிற வழியில் ரோஸ்லின் ஸ்வீடனுக்கு வந்து தங்கியபோது, 1775-இல் வரைந்தது. கிழவருக்கு அதற்கு முந்தின வருஷம்தான் பக்கவாதம் வந்திருந்தது, படம் வரைந்து மூன்று வருஷத்துக்குள் போய்விட்டார். முகத்தைப் பார்த்தால் நோய் தெரியாது, குறும்பு தெரியும். அப்புறம் வெகு காலம் ஸ்வீடனின் நூறு குரோனர் நோட்டில் இருந்தது அந்த முகம்தான். வரைந்தவர் பெயர் தெரியாமலே ஒரு தேசம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த படம் வேறு. 'முக்காடிட்ட பெண்'. 1768. இரண்டடி உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். போலோன்யா ஊர்ப் பாணியில் கறுப்புப் பட்டைத் தலையிலிருந்து போர்த்திய ஒரு பெண். முகத்தில் பாதியை முக்காடு மூடியிருக்கிறது, ஒரு கண்தான் முழுசாகத் தெரிகிறது. கையில் மடித்த விசிறி. உதட்டில் சிரிப்பு வரப்போகிறது, அல்லது இப்போதுதான் வந்து போயிருக்கிறது. பீரங்கி சார் பார்த்தால் "காது எங்க தம்பி?" என்று கேட்பார். கேட்கட்டும்! அந்தக் கறுப்பு வெறும் கறுப்பு இல்லை. பட்டின் மேல் வெளிச்சம் வழுக்கும் இடங்கள் சாம்பலாகி, கன்னத்தில் விழும் நிழலோடு கலக்கின்றன. துணி எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. துணி வரைகிறவன் என்று ஏளனம் செய்தார்களே, அந்தத் துணியை எடுத்தே ஒரு முகத்தைப் பாதி மறைத்து, மறைத்ததாலேயே அவள் யார் என்று காட்டிவிட்டார். இந்த நாட்டில் இருக்கும் படங்களிலேயே எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

அவள் அவருடைய மனைவி. மரி-சூசான் ஜிரூ. அவளும் ஓவியர்.

இதை எழுதும்போது உன் வசந்தா ஞாபகம்தான். சின்ன வயதில் அப்பா அம்மாவை இழந்தவள் மரி-சூசான். தன் பங்குக்கு வந்த சொத்தில் லா தூர் என்ற பேஸ்டல் (வண்ணக் குச்சி) மேதையிடம் பாடம் கற்றாள். ரோஸ்லினை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. காசில்லாத வெளிநாட்டான், வேறு மதம் என்று பாதுகாவலர் மறுத்துவிட்டார். கலை ரசிகரான கேலூஸ் பிரபு நடுவில் புகுந்து பேசி, வருஷக்கணக்கில் இழுத்து, 1759-இல்தான் கல்யாணம். அவருக்கு நாற்பது, அவளுக்கு இருபத்துநான்கு. ஆறு பிள்ளைகள். அதற்கு நடுவே அவள் வரைந்துகொண்டுதான் இருந்தாள். 1770-இல் சிற்பி பிகாலின் பேஸ்டல் படத்தைக் கொடுத்து அகாடமிக்குள் நுழைந்தாள். அது இப்போது லூவ்ரில் இருக்கிறது. பிகால் கறுப்பு விருது உடையில் இருக்கிறார், அந்தக் கறுப்பும் பட்டும் எந்த விதத்திலும் புருஷனுடையதற்குக் குறைந்ததில்லை. அதே 1770-இல்தான் அகாடமி ஒரு சட்டம் போட்டது, பெண்கள் நாலு பேருக்கு மேல் கூடாது என்று. இரண்டு வருஷத்தில் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது.

ரோஸ்லின் அவளை மறைத்து வைக்கவில்லை. இருவரையும் சேர்த்து அவர் வரைந்த படமும் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1767-ஆம் வருஷத்தியது. பெய்ல் என்ற ஸ்டாக்ஹோம் நண்பரின் உருவம் பேஸ்டலில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை வரைகிறவள் அவள். இவர் பக்கத்தில் இருக்கிறார். பாரிஸில் பேர்பெற்ற ஓவியர், தன்னை வரையும்போது வேலையை மனைவி கையில் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்தப் படத்தின் முன்னால் பேச்சே வருவதில்லை.

குமரா, கோபிக்காமல் கேள். நீ வரைகிற படங்களில் நகையெல்லாம் யார் போடுவது? அட்டிகைக் கல்லுக்கு ஒளி வைப்பது, ஜிமிக்கிக்கு நிழல் வைப்பது? நம் வகுப்பில் பேஸ்டலில் வசந்தாவை மிஞ்ச ஆள் இல்லை, நீயும் மிஞ்சியதில்லை, நானும் மிஞ்சியதில்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உன் கேன்வாஸில் அவள் உட்காருகிறாள் என்று உன் கடிதங்களில் வரிக்கு வரி தெரிகிறது. பலகையில் அவள் பெயர் இல்லை, படத்தின் மூலையிலும் இல்லை. பலகையை இறக்கலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அது உன் ஒருவனுடைய கடை இல்லையடா.

ரோஸ்லின் கடைசிவரை விடவில்லை. மனைவி போன பிறகும் ஸ்வீடன், ரஷ்யா, வார்சா, வியன்னா என்று சுற்றி வரைந்துவிட்டுப் பாரிஸுக்கே திரும்பினார். பிறகு புரட்சி வந்தது. அவரிடம் வரைந்துகொண்ட ஆட்களுக்கு நாடு விட்டு ஓடும் நிலைமை. 1793 ஜூலை 5-ஆம் தேதி, எழுபத்தைந்து நிறையப் பத்து நாள் இருக்கும்போது, அங்கேயே இறந்துபோனார். அடுத்த மாதமே அகாடமியையும் கலைத்துவிட்டார்கள். ராஜாவும் போய், அரசவையும் போய், அந்த முகங்கள் மட்டும் மிச்சம். அவை இல்லாவிட்டால் அந்தக் காலத்து மனிதர்கள் எப்படிச் சிரித்தார்கள், எப்படிச் சலித்துக்கொண்டார்கள் என்று நமக்கு எங்கே தெரியும்? உங்கள் தெருவில் ஐம்பது வீட்டுக் கூடத்தில் நீ வரைந்த தாத்தா பாட்டிகள் மாலை போட்டுத் தொங்குகிறார்கள். அது கூலி வேலையா?

இன்னும் நிறைய எழுதலாம், கை வலிக்கிறது. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். வசந்தாவுக்கு இங்கிருந்து நல்ல பேஸ்டல் பெட்டி ஒன்று வாங்கி வருகிறேன், என்னென்ன நிறம் வேண்டும் என்று அவளையே எழுதச் சொல். பீரங்கி சாருக்குக் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று? போய்ப் பார்த்தாயா? மில்காரரிடம் பாக்கிப் பணத்தை வாங்கிவிடு, புடவைக்கும் காசு உண்டு. இனிமேல் யார் வந்தாலும் பாதிப் பணம் முன்னால் வாங்காமல் கேன்வாஸை ஆணியடிக்காதே. எனக்கு அம்மா படம் ஒன்று வேண்டும். போட்டோ அனுப்ப மாட்டேன். நீயும் வசந்தாவும் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்து வரையுங்கள். அவள் நரையை மறைக்கச் சொல்லுவாள், கேட்காதே.

உன்,
கதிர்