மெயிலை அனுப்புவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அந்தச் சக ஊழியருக்கு எழுதிய மெயிலை அனுப்பாமல் என்னிடம் காட்டியது நல்லதாகப் போயிற்று. தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதற்கு ‘ஐ வாண்ட் டு கால் யூ அவுட்’ என்று எழுதியிருக்கிறாய். நாலு பேர் முன்னால் உன் தப்பைச் சொல்லிக் காட்டப்போகிறேன் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். சண்டை அங்கேயே முற்றிவிடும்!

அதை எடுத்துவிட்டு ‘கேன் வீ டாக் இட் ஓவர்?’ என்று போடு. உட்கார்ந்து பேசிக்கொள்ளலாமா என்று கேட்பது அது. நடுவில் இருக்கும் ‘இட்’ முக்கியம். ‘யூ டாக்ட் ஓவர் மீ’ என்றால் கதையே வேறு: நான் பேசும்போது குறுக்கே பேசி என்னை அமுக்கினாய் என்ற புகார். மீட்டிங்கில் அவர் செய்கிறார் என்று நீ வருத்தப்பட்டாயே, அதேதான். அதை நேரில் சொல், மெயிலில் வேண்டாம்.

‘இட்’ எங்கே வரும் என்பதிலும் கவனம் வை. ஒரு விஷயத்தைப் பேச்சில் எடுப்பதற்கு ‘பிரிங் இட் அப்’ சரி, ‘பிரிங் அப் இட்’ தப்பு. ஆனால் விசாரித்துப் பார்ப்பதற்குச் சொல்லும் ‘லுக் இன்டு இட்’ என்பதில் ‘லுக்’, ‘இன்டு’ இரண்டையும் பிரிக்கவே முடியாது. இதற்கெல்லாம் விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. முழு வாக்கியமாகவே வாயில் பழக்கு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேச வேண்டிய நேரத்தில் ஒன்றுகூட ஞாபகம் வராது.

அப்புறம், மேனேஜரிடம் ஆதரவு கேட்டால் ‘பேக் மீ அப்’. ‘பேக் ஆஃப்’ என்று வாய் தவறினால் அவரையே தள்ளிப் போகச் சொன்னதாகிவிடும். ‘பேக் டவுன்’ என்பது நீ பின்வாங்குவது. உன் பக்கம் நியாயம் இருக்கும்போது அது தேவையில்லை.

மேனேஜர் ‘லெட்ஸ் ஸ்மூத் திங்ஸ் ஓவர்’ என்றால் கொஞ்சம் உஷாராக இரு. பெரும்பாலும் அது மேல்பூச்சு வேலை. அடியில் இருக்கும் விரிசல் அப்படியே இருக்கும். ‘ஐ வுட் லைக் டு சார்ட் இட் அவுட்’ என்று தன்மையாகச் சொல். பிரச்சினையையே தீர்க்க வேண்டும் என்பது அவருக்குப் புரியும்.

‘ஐ வில் லுக் இன்டு இட்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருந்தால், ரெண்டு நாள் பொறுத்து ‘ஜஸ்ட் ஃபாலோயிங் அப் ஆன் திஸ்’ என்று நினைவூட்டி ஒரு வரி எழுது. என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லு.

அன்புடன்,
அப்பா