டர்பன் நகர மையத்து மண்ணும் ஒரு வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில் எழவிருக்கும் கட்டடங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, அடித்தளம் போடுமுன் தொல்லியல் சோதனை கேட்பது வீண் தாமதம் என்றும், நம்மவர்களின் பழைய கடைத்தெருவான கிரே தெருப் பகுதியில் மண்ணுக்கடியில் பார்க்கத்தக்கது எதுவும் இருக்க வழியில்லை என்றும் ஒரு வரியில் சொல்கிறது. வேறு எந்த ஏட்டில் வந்திருந்தாலும் பொறுத்திருப்பேன். ஒரு தமிழ் இதழில் அதைப் படித்தது மனத்தை மிகவும் வருத்தியது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனை உள்ளடக்கிய நேட்டாலுக்கு வந்தார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. அவர்களுடைய பெயர், வயது, உயரம், சாதி, ஊர் ஆகியவை கப்பல் பதிவேட்டில் உள்ளன. ஆனால் ஒப்பந்தம் முடிந்து நகரத்துக்கு வந்தபின் எந்தச் சட்டியில் சமைத்தார்கள், என்ன வாங்கி உண்டார்கள் என்பதைக் கொல்லைப்புறத்துக் குப்பைக்குழியும் தூர்ந்துபோன கிணறும்தான் சொல்ல முடியும். ஒரு பானை ஓடு எந்த அடுக்கில், எதனருகே கிடக்கிறது என்பதில்தான் அதன் காலம் இருக்கிறது. இயந்திரம் ஒருமுறை வாரிக் கொட்டிவிட்டால் ஓடு மிஞ்சும், சான்று மிஞ்சாது. சோதனை என்றால் ஊரையே தோண்டுவதன்று. பழைய வரைபடங்களைப் பார்த்துச் சில குறுகிய குழிகள் வெட்டி, எதுவும் இல்லையென்றால் மூடிவிட்டுக் கட்ட விடுவதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் ஒரு பழைய கடையை இடித்த மனையிலிருந்து, மண்ணோடு உடைந்த பீங்கானும் கண்ணாடிப் புட்டிகளும் லாரியில் போவதை நானே நின்று பார்த்தேன். உரிய அலுவலகத்தில் முறையிட்டபோது, மனை சிறியது, சட்டம் பொருந்தாது என்று அனுப்பிவிட்டார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டுமுன் மரபுவள அலுவலகத்துக்கு அறிவிக்கக் கேட்கிறது என்பது உண்மை. நெருக்கமான கடைத்தெருவில் அத்தனை பெரிய மனைக்கு எங்கே போவது? ஆனால் நூறாண்டு கடந்த தொல்பொருள் அரசுக்கு உரியது, கண்டெடுத்தவர் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறதே, அதை அங்கு ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் பாட்டி, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். 1960களில் நிறவெறி ஆட்சியில் அங்கிருந்த குடும்பங்களை நகர மையத்துக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வரிசை வீடுகள் இடிபட்டன. எந்தக் குழாயடியில் தண்ணீர் பிடித்தார், எந்த வாசலில் கோலம் போட்டார் என்று பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று காட்ட ஓர் அடி நிலம் இல்லை. கேப் டவுனில் 2003இல் பிரெஸ்ட்விச் தெருவில் கட்டட வேலை தொடங்கியபின்தான் அடிமைகளும் ஏழைகளும் அடக்கமான பழைய புதைகுழிகள் வெளிப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அப்படியே விடுங்கள் என்று மன்றாடியவர்களின் குரல் எடுபடவில்லை. இவ்வளவு நடந்த நாட்டில், முதலில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்று கேட்பதா தாமதம்?

நான் தங்களிடம் வேண்டுவது அரைப்பக்கம்தான். கிரே தெருப் பகுதியில் கடையோ வீடோ வைத்திருந்த குடும்பங்கள், தங்கள் கொல்லை, கிணறு, தொழுவம் எங்கே இருந்தன என்பதை எழுதவும், பழைய புகைப்படங்களின் படிகளை அனுப்பவும் அடுத்த இதழில் ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். வருவதைத் திரட்டி மாகாண மரபுவள அலுவலகத்துக்கு அனுப்பினால், எங்கே குழி வெட்டுவது என்றாவது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்