வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கடை டிவியில் ஓடிய கப்பல் படம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் கடைக்கு வருபவர்கள் இரண்டு வாரமாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "கல்யாணக் கேசட்டைப் பென்டிரைவில் ஏத்தித் தரச் சொன்னா, நீங்க கப்பலை மலையேத்துற படத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களே?" நியாயமான கேள்விதான்.

முதலில் தாமதத்தைப் பற்றி. மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் கேசட் மூன்று மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கும். துடைக்காமல் போட்டால் பிளேயர் அடைத்துக்கொண்டு அடுத்தவர் கேசட்டையும் கெடுக்கும். எங்களிடம் ஒழுங்காக ஓடும் பிளேயரும் ஒன்றுதான்.

அப்புறம் அந்தப் படம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மகள் கல்யாணம் எதில் இருக்கிறதென்று தெரியவில்லை என்று ஒரு பெட்டி நிறையக் கேசட் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றைத் துடைத்துப் போட்டேன். கல்யாணம் இல்லை, ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சோக் 1982-இல் வெளியிட்ட 'ஃபிட்ஸ்கரால்டோ'. ஐந்து நிமிடத்தில் நிறுத்தியிருக்கலாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் போட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பெரு நாட்டில் இக்கிட்டோஸ் என்ற ஊர். ரப்பரில் பணம் கொழித்த காலம். அங்கே ஒருவனுக்கு ஓப்பரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், என்றால் பைத்தியம். பிரபல ஓப்பரா பாடகர் கரூசோ பாடுவதைக் கேட்க, மோட்டார் கெட்டுப்போன படகைக் கை புண்ணாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு பிரேசிலின் மனாவுஸ் நகரத்து ஓப்பரா அரங்கத்துக்கு வந்து சேர்கிறான். அப்படியொரு அரங்கம் தன் ஊரிலும் வேண்டுமாம். அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்கு ரப்பர் வேண்டும். மிச்சமிருக்கும் ரப்பர்க் காட்டுக்குப் போகும் வழியிலோ கப்பலை உடைக்கும் நீர்ச்சுழி. அதனால் பக்கத்து ஆற்றில் போய், இரண்டு ஆறும் நெருங்கி வரும் இடத்தில், நடுவிலிருக்கும் மலை மேல் கப்பலை இழுத்து அந்தப் பக்கம் இறக்கப் பார்க்கிறான்.

இந்தக் கதைக்குக் காரணமான நிஜ ரப்பர் முதலாளி கார்லோஸ் ஃபிட்ஸ்கரால்ட், இதைவிடச் சின்னக் கப்பலைக் கழற்றித்தான் காட்டு வழியே கொண்டுபோனார். ஹெர்சோக் அதற்கும் ஒரு படி மேலே போய், 300 டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பலைக் கழற்றாமல், பொம்மைக் கப்பல் தந்திரம் செய்யாமல், நிஜமாகவே மலையேற்றினார். பாதியில் கதாநாயகன் ஜேசன் ரொபார்ட்ஸ் நோயில் விழ, நடிகர் கிளவுஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து எடுத்தார். கதாநாயகனைவிட இயக்குநருக்குத்தான் பைத்தியம் முற்றியிருந்தது என்பது என் கணிப்பு. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தார்கள்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? நம் பால் மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பூர்வீகம் அந்த அமேசான் காடுதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் சில 1877-இல் பக்கத்துக் கோலக்கங்சார் வரை வந்தன. பிற்பாடு நம் பக்கத்துத் தோட்டங்களின் ரப்பர் சந்தையில் குவிந்ததும் அமேசான்காரர்களின் பணக்காலம் முடிந்தது. அங்கே ஓப்பரா நின்றதற்கும், இங்கே நம் பாட்டிமார் விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றதற்கும் விதை ஒன்றுதான்.

கப்பல் மலையேறும் இடத்தில், ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து நின்று பார்த்தார். ரப்பர்ப் பால் சுமக்கும் காண்டா வாளி தூக்கித் தோள் காய்த்தவர். "கனவு அவனுது, சரி. கயிறு இழுக்கிறது யாரு தம்பி?" என்றார். இழுப்பவர்கள் அந்தக் காட்டுப் பழங்குடி மக்கள். என்னிடம் பதிலில்லை. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, 1979-இல், ஆவாஹுன் பழங்குடியினர் எதிர்த்துக் கிளம்பிப் படக்குழுவின் முகாமைக் கொளுத்தினார்கள் என்பதை மட்டும் சொன்னேன். "செய்வாங்கதான்" என்று சொல்லிவிட்டு, படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

படத்துக்கு நகல் கேட்டவர்கள் மன்னிக்கவும். கல்யாணம், காதுகுத்து, திருவிழாக் கேசட்டுகளை மட்டும்தான் மாற்றித் தருவோம். வாத்தியார் மகள் கல்யாணம் பெட்டியின் அடியில் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை வாங்கிக்கொள்ள வருகிறார். உங்கள் கேசட்டுகளை இந்த மாதக் கடைசிக்குள் முடித்துவிடுவேன். படத்தை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பாதிக் கதவு இறக்கிய பிறகு வரலாம். கடையில் நாற்காலி இரண்டுதான், ஒன்றைப் பெரியவர் சொல்லி வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
கேசட் கடைக்காரர்