"நீங்க கேக்கவே இல்லையே" என்பது ஒரு பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் பழைய பொருள் வாங்குவது, விற்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு நம்பரை பிளாக் செய்துவிட்டு ஓடுகிறவர்கள், இல்லாத பொருளுக்கு அட்வான்ஸ் கேட்கிறவர்கள் என்று. அதுவும் தேவைதான். ஆனால் எனக்கு அதைவிட அதிகம் உறுத்துவது நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் நடந்துகொள்ளும் விதம். கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுக்கிற அதே ஆள், தன் பழைய போனை விற்கப் போடும்போது அதில் மைக் சில நேரம் வேலை செய்யாது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்.

கொஞ்ச நாள் முன்பு பழைய கேமரா லென்ஸ் ஒன்று வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது, "மின்ட் கண்டிஷன்", அதாவது புதிது போலவே இருக்கிறது என்று போட்டிருந்தார், பேச்சும் மரியாதையாக இருந்தது, பபுள் ராப் எல்லாம் சுற்றி கூரியரில் ஒழுங்காக வந்தும் சேர்ந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை. கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்: ஈரமான காற்றில் மூடியே வைத்திருக்கும் லென்ஸில் வளரும், ஆரம்பத்திலேயே பார்த்தால் பிரித்துத் துடைத்து எடுத்துவிடலாம், விட்டுவிட்டால் கண்ணாடி மேலிருக்கும் கோட்டிங்கையே அரித்துவிடும், அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கிற படமெல்லாம் வெளுத்துப்போய்த்தான் வரும். அவருக்கு போன் செய்தேன். அவர் மறுக்கவில்லை. "ஆமா சார், லேசா இருந்துச்சு. நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தன் மேல் தப்பில்லை என்று உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கேட்க எனக்கு எப்படித் தோன்றும்? அந்த லென்ஸை வருடக்கணக்கில் கையில் வைத்திருந்தவர் அவர். அதை எந்த அலமாரியில் வைத்திருந்தார், எத்தனை முறை கீழே விழுந்தது, எந்த வளையம் திருகினால் இடிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது நாலு போட்டோ. நான் கேட்கக்கூடிய கேள்விகள் என் அறிவுக்கு உட்பட்டவை, அவர் மறைக்கக்கூடிய விஷயங்களோ அந்தப் பொருளோடு அவர் வாழ்ந்த காலம் முழுவதும். முதல்முறையாக லென்ஸ் வாங்குகிற ஒரு மாணவருக்குப் பூஞ்சை என்ற ஒன்று உண்டு என்பதே தெரியாது, அவர் எதைக் கேட்பார்?

இதைப் பொருளாதாரக்காரர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் விற்பனையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்கு மட்டும் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று பிரிக்க முடியாததால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கவே வரமாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை கார்கள்தான். 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் நல்ல பொருளை நியாயமான விலைக்குப் போடுகிறவரிடம் "என்ன பிரச்சினை இதுல?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. குறையை மறைத்து விற்ற ஒவ்வொருவரும் அந்த நல்ல மனிதரின் விலையிலும் கை வைத்திருக்கிறார்கள்.

சரி, எதைத்தான் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதே பொருளை நான் வாங்கினால் எது தெரிந்திருந்தால் வேறு விலை சொல்லியிருப்பேனோ அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். போன் என்றால் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது, 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதா, டிஸ்பிளே மாற்றியதா, மாற்றியது ஒரிஜினலா. கேமரா என்றால் ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியது என்ற கணக்கு, ஏனென்றால் ஷட்டர் இத்தனை லட்சம் தடவை தாங்கும் என்று கம்பெனிக்காரர்களே பல மாடல்களுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். மடிக்கணினி என்றால் தண்ணீர் பட்டதா, ஒரு முறையாவது பிரித்துச் சரிசெய்ததா. பில் இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போட்டோவும் அந்தப் பொருளுடையதாகவே இருக்க வேண்டும், கம்பெனி இணையதளத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டுவிட்டு "கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்" என்பது எந்தக் கணக்கிலும் சேராது. இன்னொன்று, போனை விற்கும்போது அதிலிருக்கும் உங்கள் அக்கவுன்ட்டை நீக்கிவிட்டுக் கொடுங்கள். நீக்காமல் வெறுமனே ரீசெட் செய்தால் பழைய அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளலாம், அப்புறம் வாங்கியவர் கையில் இருப்பது கண்ணாடித் துண்டு. பாதிப் பேர் இதை வேண்டுமென்றே செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அப்புறம் போனை எடுக்காமல் இருக்கிறார்களே, அது வேண்டுமென்றே செய்வதுதான்.

இதுவரை விற்பவரையே சொல்லிவிட்டேன். வாங்குபவரின் மௌனமும் இதற்குக் குறைந்ததில்லை. வணக்கம்கூட இல்லாமல் "லாஸ்ட் பிரைஸ்?" என்று ஆரம்பிக்கிறார்கள், அதைக்கூட விடுங்கள். இருபது கேள்வி கேட்டு, கூடுதல் போட்டோ கேட்டு, வீடியோ கேட்டு, "நான் எடுத்துக்கிறேன் அண்ணா, யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் ஆளே காணாமல் போகிறார்களே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்திருக்கலாம், வீட்டில் வேண்டாம் என்றிருக்கலாம், பணம் வேறு செலவுக்குப் போயிருக்கலாம். "மன்னிக்கணும், வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்று ஒரு வரி போட்டால் போதும். அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்து, வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பியவருடைய ஒரு வாரம் வீணாகிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் சுத்தமானவன் என்று சொல்ல வரவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் கேமராவை நிறுத்தி வைக்கிற முக்காலி, டிரைபாட் ஒன்றை விற்கப் போட்டிருந்தேன். ஒரு கல்லூரிப் பையன் விலையெல்லாம் பேசி முடித்து "ஞாயித்துக்கிழமை காலைல வந்து வாங்கிக்கிறேன் சார்" என்றான், நானும் சரி என்றேன். சனிக்கிழமை இரவு இன்னொருவர் வீட்டுக்கே வந்து கூடுதலாகக் கொடுக்கிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். பையனுக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். நான் எழுந்து போன் செய்தபோது அவன் பஸ்ஸில் பாதி தூரம் வந்திருந்தான். "பரவாயில்ல சார்" என்று மட்டும் சொன்னான், திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பணம் எதுவும் தரவில்லை, அதனால் நான் ஏமாற்றவில்லை என்று சட்டம் பேசலாம். ஆனால் "சரி" என்று நான் சொன்ன பிறகு அந்த டிரைபாட் என்னுடையது மட்டும் அல்ல. இப்போதெல்லாம் யாராவது வைக்கச் சொன்னால், எந்த நாள் எத்தனை மணி வரை வைத்திருப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதுவரை யார் எவ்வளவு கொடுத்தாலும் கொடுப்பதில்லை. அந்த நேரம் தாண்டினால் அவருக்குத் தகவல் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு.

பேரம் பேசுவதில் தப்பே இல்லை. நானும் பேசுவேன். பேச வேண்டிய இடம் எது என்பதுதான் விஷயம். போனில் ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, போட்டோவில் தெளிவாகத் தெரிந்த கீறலையே இப்போதுதான் பார்ப்பது போலக் காட்டி பாதி விலை கேட்பது பேரமாகாது. வந்தது வந்தாயிற்று, எதிரில் இருப்பவர் கூச்சத்தில் கொடுத்துவிடுவார் என்ற கணக்கு அது. நேரில் பார்க்கும்போது சொல்லாத குறை ஏதாவது தெரிந்தால் கதை வேறு, அப்போது விலையைக் குறைக்கச் சொல்வது முழு நியாயம், "வேண்டாம்" என்று திரும்பிப் போவதும் நியாயம். அதேபோல, கவனம் ஈர்க்கக் குறைந்த விலை போட்டுவிட்டு ஆள் கேட்டதும் "அது போன வாரம் போட்டது" என்பவர்களையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இதில் எனக்கே நெடுநாள் குழப்பமாக இருந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில நேரம் பொருளின் மதிப்பு வாங்குபவருக்கு மட்டும் தெரிந்திருக்கும், விற்பவருக்குத் தெரியாது. என் நண்பர் ஒருவர், கணவரை இழந்த ஒரு அம்மாள் வீட்டைக் காலி செய்யும்போது விற்கப் போட்ட பழைய ஃபிலிம் கேமராவை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினார். சேகரிப்பவர்கள் அதற்குப் பல மடங்கு கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் கேட்ட விலையைத்தானே கொடுத்தேன், ஒரு பைசா குறைக்கவில்லையே என்றார். வியாபாரமே தொழிலாகக் கொண்டவர் விலை தெரியாமல் விற்றால் அது அவர் பொறுப்பு, நான் வாங்கிக்கொண்டு போய்விடுவேன், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இந்த அம்மாள் வியாபாரி இல்லை. அவருக்கு யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாது. இங்கே "அவங்க கேக்கவே இல்லையே" என்பதும் லென்ஸ்காரர் எனக்குச் சொன்ன அதே பதில்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. நண்பரிடம் சொன்னேன். இன்னும் என்மேல் வருத்தத்தில்தான் இருக்கிறார்.

ரேட்டிங், ரிவ்யூ எல்லாம் இருக்கிறதே, கெட்டவர்களை அது வடிகட்டிவிடாதா என்று கேட்கலாம். 1995இல் இபே என்ற இணைய விற்பனைத் தளத்தைத் தொடங்கிய பியர் ஓமிட்யார் அடுத்த வருடமே வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு இபே விற்பனைகளை எடுத்துப் பார்த்தபோது, வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் ஏதாவது எழுதியிருந்தார்கள், எழுதியதில் 99 சதவீதம் நல்ல வார்த்தை. எல்லோரும் அவ்வளவு திருப்தியாகவா இருந்திருப்பார்கள்? நான் குறை எழுதினால் அவரும் என்னைப் பற்றிக் குறை எழுதிவிடுவாரோ என்ற பயம் ஒரு காரணம். 2008இல் விற்பவர்கள் வாங்குபவர்களைப் பற்றிக் குறை எழுத முடியாதபடி இபே விதியை மாற்றியதற்குப் பின்னால் இந்தப் பயம் இருந்தது. அதே ஆய்வாளர்கள் வேறு சிலரோடு சேர்ந்து செய்த இன்னொரு சோதனை 2006இல் வெளிவந்தது: பழைய தபால் அட்டைகளை நல்ல பெயர் எடுத்த ஒரு விற்பனையாளரின் பெயரிலும், அதே ஆள் புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் விற்றுப் பார்த்தார்கள். பழைய பெயருக்கு மக்கள் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். நம்பிக்கைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கும்போது, வாங்கிய நாமும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். திட்டித் தீர்ப்பது வேண்டாம், பயந்து ஐந்து நட்சத்திரம் போடுவதும் வேண்டாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை விற்றவரிடம் பேசிப் பாருங்கள், அவருக்கே தெரியாத குறையாக இருக்கலாம், சரிசெய்து தர வாய்ப்பு கொடுக்காமல் பெயரைக் கெடுப்பது சரியில்லை.

பணம் முதலா பொருள் முதலா என்ற சண்டைக்கு, நேரில் பார்த்து ஒரு பொது இடத்தில் கை மாற்றிக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. முடியாதபோது வீடியோ காலில் பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், விற்பவர் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. விற்பவர்கள் ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் ரகசிய எண்ணோ ஓடிபியோ எங்கேயும் போட வேண்டியதில்லை. கேட்டால் உடனே போனை வைத்துவிடலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

லென்ஸ்காரர் கடைசியில் பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார், நான் கேட்டதற்கு மறுபேச்சு பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். துடைக்கக் கொடுத்தேன், முழுதாகப் போகவில்லை, ஓரத்தில் கோட்டிங் கொஞ்சம் போய்விட்டது. போன வாரம் அதை விற்கப் போட்டேன். இருட்டில் டார்ச் அடித்து எடுத்த படத்தைத்தான் முதல் படமாக வைத்தேன். இரண்டு பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எழுதினார், குறை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துதான் விலை சொன்னார். பேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்