அண்ணன் தம் பிடிக்க வேண்டாம்

அன்புள்ள சண்முகம்,

உடனே பதில் போட முடியவில்லை. டிபார்ட்மெண்டில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள், அளவு பார்க்கும் வேலை முழுக்க என் தலையில். பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தேன். அப்படியே உன் அம்மா ஜாடை!

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் வைக்க, அதாவது கதிர் சிகிச்சைக்கு, வரும் இன்னொரு அம்மாவை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள், அண்ணனை மட்டும் 'எப்பவும் போல மூச்சு விடுங்க' என்கிறார்கள், வைத்தியத்தில் குறை வைக்கிறார்களோ என்று அண்ணி பயப்படுகிறார் என எழுதியிருந்தாய். அந்தம்மாவுக்கு அநேகமாக இடது மார்பகத்தில் நோய் இருக்கும். ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிந்து, கதிர் போகும் பாதையிலிருந்து இதயம் விலகும். அதற்காகத்தான் தம் பிடிக்கச் சொல்வது. நுரையீரல் கட்டிக்கும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் 15, 20 வினாடி, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். இத்தனை வருஷம் பீடி குடித்த நெஞ்சு தாங்குமா, நீயே சொல்.

அண்ணனுக்குக் கட்டி வலது நுரையீரலின் கீழ் மடலில், அதாவது கீழ்ப் பகுதியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கிட்டத்தில். மேல் மடலில் என்றால் மூச்சு விடும்போது கட்டி பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் நகரும். கீழே சிலருக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். முதல் நாள் ஸ்கேனில் வயிற்றின் மேல் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி வைத்தார்கள் அல்லவா? அதிலுள்ள புள்ளிகளை அகச்சிவப்பு கேமரா பார்க்கும், வயிறு ஏறி இறங்குவது திரையில் அலையாக ஓடும். அந்த அலையை வைத்து ஒரு மூச்சைப் பொதுவாகப் பத்துக் கட்டமாகப் பிரித்துப் படம் பார்ப்போம். கட்டி போய்வரும் இடம் அத்தனையையும் சேர்த்து எல்லை வரைந்து, அது முழுக்கக் கதிர் படும்படி பார்த்துக்கொள்வோம். என்ன, பக்கத்து நல்ல நுரையீரலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

ஆட்டம் அதிகமானால் அந்த நஷ்டமும் ஏறும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006-ல், 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மூச்சைக் கட்டுப்படுத்தும் வழிகளை யோசிக்கச் சொன்னது. வயிற்றைத் தகடு வைத்து அழுத்தலாம், மூச்சு வெளியே போன நேரத்தில் மட்டும் கதிரைத் திறக்கலாம். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் கட்டிக்குப் பக்கத்தில் 2 மில்லிமீட்டர் தங்க உருண்டை வைத்து, எக்ஸ்ரேயில் அதைத் துரத்திக்கொண்டே கதிர் கொடுத்தார்கள். படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அண்ணன் ரிப்போர்ட்டில் ஆட்டம் 8 மில்லிமீட்டர். எல்லையைப் பெரிதாக்கிச் சமாளிக்கக்கூடியதுதான், அவர் நெஞ்சுக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

வேலையைக் கெடுப்பது வேறொன்று. உதவி செய்வதாக நினைத்துச் சிலர் மூச்சை அடக்கி அடக்கி விடுவார்கள். ஸ்கேன் அன்று ஒரு மூச்சு, சிகிச்சை அன்று ஒரு மூச்சு என்றால் நாங்கள் போட்ட எல்லைக்கு அர்த்தமே இல்லை. தூங்கினாலும் மூச்சு மாறும். அண்ணனிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்.

அப்புறம், கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுப்பதில் தோள் வலிக்கும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லட்டும். இருமல் வந்தாலும் அடக்க வேண்டாம். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மைக்கும் உண்டு, சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அண்ணிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்னைக் கூப்பிடச் சொல்.

அன்புடன்,
ராமு